செல்போன் சந்தையில் பெரிய கம்பெனி இறங்கலாமா?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் பழைய கதைகளைப் பேசிச் சிரித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுவோம். இந்த வருஷம் செயலாளர் வேறு மாதிரி ஏற்பாடு செய்துவிட்டார். "தலைப்பைப் பிள்ளைங்க கொடுக்கட்டும், நீங்க பேசுங்க" என்றார். பிள்ளைகள் கொடுத்த தலைப்பு இதுதான்: 'மென்பொருளில் பெரிதாக வளர்ந்துவிட்ட ஒரு கம்பெனி, உதாரணத்துக்கு நம்ம பக்கத்து ஜோஹோ, சொந்தமாகச் செல்போன் தயாரித்து விற்க இறங்கலாமா?'

இதைப் பேச என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், நான் பி.காம். முடித்துவிட்டு ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருபது வருஷத்துக்கு மேல் செல்போன் விற்றவன். சர்வீஸுக்கும் ஆள் வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் படித்தவர்கள் இந்த அரங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தொழில்நுட்பத்தை நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். நான் கல்லாப் பக்கம் நின்று பார்த்ததையும், இந்தத் தலைப்புக்காகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில், இந்தக் கேள்வி நம் பிள்ளைகளுக்கு ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். இங்கிருந்து சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் வழியாகப் பஸ் ஏறினால் தென்காசி. அதை ஒட்டி மத்தளம்பாறை. 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்து, 2009ல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனி, 2011ல் தென்காசிப் பக்கம் அலுவலகம் போட்டது. ஸ்ரீதர் வேம்பு அவர்கள் அங்கேயே வந்து குடியிருந்து கம்பெனியை நடத்தினார். வெளியார் முதலீடு வாங்காமல், பங்குச் சந்தைக்கும் போகாமல் வளர்ந்த கம்பெனி. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அவர்களுடைய 'அரட்டை' செயலியை நாடு முழுவதும் ஜனங்கள் போட்டி போட்டு இறக்கிக்கொண்டார்கள். அதைப் பார்த்தவுடன் நம்ம பிள்ளைகளுக்கு, "மெசேஜ் அனுப்ப நம்ம ஆப் வந்தாச்சு. அடுத்தது நம்ம போன்தானே?" என்று ஆசை வந்துவிட்டது. ஆசை நல்ல ஆசைதான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

இறங்க வேண்டும் என்று சொல்பவர்கள் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று நம் நாட்டில் செல்போன் உற்பத்தி எங்கேயோ போய்விட்டது. மத்திய அரசின் கணக்குப்படி 2014-15ல் சுமார் 18,000 கோடி ரூபாய்க்கு இருந்த செல்போன் உற்பத்தி, 2024-25ல் சுமார் 5.45 லட்சம் கோடி ரூபாய் ஆகிவிட்டது. அதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், ஓசூரில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் என்று வரிசையாக இருக்கின்றன. ஐபோனே நம்ம மாநிலத்தில்தான் பூட்டி எடுக்கிறார்கள். ஆனால் பெட்டி மேல் இருக்கிற பெயர் நம்முடையது இல்லை. உள்ளே ஓடுகிற ஆண்ட்ராய்டு கூகுளுடையது, இன்னொன்று ஆப்பிளுடையது. கடையில் அதிகமாக விற்பவை சீனப் பெயர்கள்.

அதனால் என்ன ஆகும்? 2019 மே மாதம் அமெரிக்க அரசு ஹுவாவே என்ற சீனக் கம்பெனியைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. கூகுள் தன் செயலிகளையும் சேவைகளையும் அந்தக் கம்பெனியின் புதிய போன்களுக்குக் கொடுப்பதை நிறுத்தியது. உலகத்தில் இரண்டாவது இடத்தில் விற்றுக்கொண்டிருந்த கம்பெனி, சீனாவுக்கு வெளியே படுத்துவிட்டது. நம் நாட்டிலேயே 2025 ஜூலையில் நயாரா எனர்ஜி என்ற எண்ணெய்க் கம்பெனிக்கு, ஐரோப்பியத் தடையைக் காரணம் காட்டி, மைக்ரோசாஃப்ட் சேவைகள் சில நாள் நின்றுபோயின. குழாய் நம்ம வீட்டில் இருந்தாலும் வால்வு அடுத்தவன் கையில் இருக்கிறது. ஆகவே, "நமக்கென்று ஒரு போன் வேணும், அதை நம்ம கம்பெனி செய்யணும்" என்பது வெறும் ஊர்ப் பெருமைப் பேச்சு அல்ல. இதை நாம் ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

சரி, இதற்கு முன்னால் செல்போனில் இறங்கிய பெரிய கம்பெனிகளுக்கு என்ன ஆயிற்று? ஒன்றுதான் பெரிதாக ஜெயித்தது. ஆப்பிள். 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைக் காட்டினார். ஆனால் அது மென்பொருள் மட்டும் செய்த கம்பெனி இல்லை. 1970களிலிருந்தே கம்ப்யூட்டரை மேல் ஓடு முதல் உள்ளே ஓடுகிற மென்பொருள் வரை தானே செய்து பழகியது. 2001லிருந்து ஐபாட் விற்று, கைக்குள் அடங்குகிற கருவி செய்யும் வித்தையையும் கற்றுக்கொண்டது. முப்பது வருஷம் பழகிய பிறகு போனுக்கு வந்தது.

மற்றவர்களைப் பாருங்கள். கூகுள் 2012ல் மோட்டோரோலா செல்போன் கம்பெனியை 1,250 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அதில் செட்டாப் பாக்ஸ் பிரிவைத் தனியாக விற்றது. பேட்டண்டுகளில் பெரும்பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மிச்சத்தை 2014ல் லெனோவோவுக்கு 291 கோடி டாலருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. அமேசான் 2014ல் ஃபயர் போன் என்று ஒன்றை இறக்கியது. சில மாதத்திலேயே 17 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதியது. அடுத்த வருஷம் அந்தப் போனே இல்லை. இவர்களிடம் பணம் இல்லையா, மூளை இல்லையா? இரண்டும் இருந்தன.

நம்ம மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை அவர்கள், 2014 செப்டம்பரில் டில்லிக்கு வந்து 'ஆண்ட்ராய்டு ஒன்' திட்டத்தை அறிவித்தார். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என்ற மூன்று இந்தியக் கம்பெனிகள் போன் செய்ய, மென்பொருளைக் கூகுள் பார்த்துக்கொள்ளும் என்ற ஏற்பாடு. விலை 6,399 ரூபாய். அப்போது எங்கள் கடைகளில் மைக்ரோமேக்ஸ் நல்ல ஓட்டம். ஆனால் அதே 2014 ஜூலையில் சீனத்து ஷாவ்மி, கடையே இல்லாமல் ஃபிளிப்கார்ட் வழியாக விற்க இறங்கிவிட்டது. பிறகு 4ஜி வந்த வேகத்துக்கு இந்தியக் கம்பெனிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. சில வருஷத்தில் எங்கள் ஷோகேஸில் பெயர்ப் பலகைகள் எல்லாம் மாறிப்போயின.

ரிலையன்ஸ் கதையையும் சொல்ல வேண்டும். 2003ல் 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்றார்கள். ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிறவர்கள் வரைக்கும் செல்போன் வந்தது அந்தச் சமயத்தில்தான். குடும்பம் பிரிந்த பிறகு, முகேஷ் அம்பானி 2017ல் 1,500 ரூபாய் டெபாசிட்டில் ஜியோபோன் கொடுத்தார். 10 கோடிக்கு மேல் போயிற்று என்று அவர்களே அறிவித்தார்கள். இந்த இரண்டு தடவையும் போனில் லாபம் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். லாபம் மாதாமாதம் வருகிற இணைப்புக் கட்டணத்தில். போன் என்பது வாடிக்கையாளரைக் கொண்டு வருகிற வண்டி. அதே ஜியோ, கூகுளோடு சேர்ந்து 2021 தீபாவளிக்கு 6,499 ரூபாயில் ஸ்மார்ட்போன் கொண்டுவந்தபோது, மற்ற ஸ்மார்ட்போன்களோடு சரிக்குச் சரி நிற்க வேண்டியிருந்தது. பழைய மாதிரி அலை அடிக்கவில்லை.

இப்போது நம் தலைப்புக்கு மிக நெருக்கமான கதைக்கு வருகிறேன். நம்ம மாநிலத்தில் நடந்த கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

நோக்கியாவை மறந்தவர்கள் இங்கே யாரும் இருக்க முடியாது. 2003ல் வந்த 1100 மாடலை நான் எத்தனை விற்றிருப்பேன் என்று கணக்கே இல்லை. உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. அதில் என்ன விசேஷம்? தூசி புகாத கீபேட். தலையில் ஒரு டார்ச் லைட். பஞ்சுத் தூசியில் வேலை பார்க்கிற ஊர் இது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து இருட்டில் சைக்கிளில் வீட்டுக்குப் போகிற ஜனம். பிறகு மின்வெட்டுக் காலம் வேறு வந்தது. யாரோ நம்ம தெருவுக்குள்ளே வந்து பார்த்துவிட்டுச் செய்த மாதிரி இருந்தது அந்தப் போன். "அண்ணாச்சி, லைட்டு போன் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். கம்பெனிப் பெயர்கூடச் சொல்ல மாட்டார்கள்.

அந்த நோக்கியா 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் ஃபேக்டரி திறந்தது. நல்ல காலத்தில் சுமார் 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள். பாகம் செய்து கொடுத்த கம்பெனிகளில் இன்னும் பல ஆயிரம் பேர். பெரும்பாலும் இளம் பெண்கள். பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்துவிட்டு வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தவர்கள். அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்தார்கள், அக்கா கல்யாணத்துக்குக் கடன் அடைத்தார்கள்.

ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்த பிறகு நோக்கியா சரிந்தது. அப்போது மைக்ரோசாஃப்ட் வந்தது. உலகத்துக் கம்ப்யூட்டர்களில் எல்லாம் விண்டோஸ் ஓடுகிறது, போனில் மட்டும் ஏன் இல்லை என்ற தாகம் அவர்களுக்கு. 2013 செப்டம்பரில் நோக்கியாவின் செல்போன் பிரிவைச் சுமார் 720 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் கை மாறியது. இதில் ஒரு விஷயம் பாருங்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் தலைமைப் பொறுப்புக்கு வந்திருந்த சத்யா நாதெள்ளா, வாங்கலாமா என்று உயர் அதிகாரிகள் முதலில் கருத்துக் கேட்ட கட்டத்தில் வேண்டாம் என்றுதான் சொன்னவர். பிற்பாடு 2017ல் வந்த தன் புத்தகத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். இரண்டு அமைப்புகள் ஊன்றி நிற்கிற இடத்தில் மூன்றாவதாக ஒன்றுக்கு என்ன தேவை என்பது அவர் கேள்வி.

அவர் பயந்த மாதிரியே நடந்தது. நானே லூமியா போன்கள் விற்றிருக்கிறேன். நல்ல உறுதியான போன், நல்ல கேமரா. ஆனால் வாங்கின பையன் இரண்டு மாதத்தில் வந்து நிற்பான். "அண்ணே, அந்த ஆப் இதுல வரல, இந்த கேம் இதுல வரல." ஆள் குறைவாக இருக்கிற போனுக்கு எந்தக் கம்பெனியும் செயலி எழுதாது. செயலி இல்லாத போனை ஜனம் வாங்காது. இந்தச் சுழலில் சிக்கினால் எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் மீள்வது கஷ்டம். 2015 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. வாங்கின விலையைவிட அதிகம்.

மைக்ரோசாஃப்டுக்கு அது ஒரு நஷ்டம், அவ்வளவுதான். அந்தக் கம்பெனி இன்று உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று. ஸ்ரீபெரும்புதூர் என்ன ஆயிற்று? அங்கே ஒரு வரி வழக்கு இருந்தது. 2013ல் வருமான வரித்துறை ஃபேக்டரிச் சொத்தை முடக்கியது. கை மாற்ற வேண்டும் என்றால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டு வரைக்கும் போயிற்று. கடைசியில், உலகம் முழுக்க இருந்த ஃபேக்டரிகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டுக்குப் போக, ஸ்ரீபெரும்புதூர் விடுபட்டது. கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்டுக்குக் கூலிக்குப் போன் செய்து கொடுத்தார்கள். அந்த ஆர்டரும் நின்றது. 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். விருப்ப ஓய்வு என்ற வார்த்தையைப் பாருங்கள். இருபத்தைந்து வயசுப் பெண்ணுக்கு என்ன விருப்ப ஓய்வு?

வரிச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று பேச நான் வரவில்லை. அந்த வழக்கு 2018ல் சமரசமாக முடிந்தது. ஃபேக்டரிக் கட்டடத்தைப் பிறகு சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி வாங்கியது. அங்கே மறுபடியும் வேலை நடக்கிறது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்துவிட்டது. ஆனால் 2014ல் வீட்டுக்குப் போன பெண்கள் ஆறு வருஷம் காத்திருந்திருக்க முடியுமா? சந்தையில் நுழைகிற முடிவை ஒரு சிலர் எடுத்தார்கள், விலகுகிற முடிவையும் அவர்களே எடுத்தார்கள். அதன் சுமையைத் தாங்கியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இன்று சொல்ல வந்த விஷயமே இதுதான். 'நுழையலாமா' என்று கேட்கும்போதே, 'விலக நேர்ந்தால் யார் சுமப்பது' என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சுமப்பது தொழிலாளி மட்டுமல்ல. கடைக்காரனும் சுமக்கிறான், வாங்குகிறவனும் சுமக்கிறான். ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். நல்ல ஸ்கீம் கொடுத்து இந்தப் பகுதி முழுக்கப் போன் இறக்கினார்கள். போனில் குறை ஒன்றும் இல்லை. ஒன்றரை வருஷத்தில் விற்பனையை நிறுத்திக்கொண்டார்கள். சர்வீஸ் சென்டரையும் எடுத்துவிட்டார்கள். டிஸ்ப்ளே காம்போ கிடைக்காது, சார்ஜிங் போர்டு கிடைக்காது. பேட்டரி உப்பினால் மாற்றுப் பேட்டரி இல்லை. ஒரு நாள் சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிற அம்மா ஒருவர் வந்தார். மகன் வேலைக்குப் போன முதல் மாசம் வாங்கிக் கொடுத்த போன், கீழே விழுந்து டிஸ்ப்ளே போய்விட்டது. இன்னும் நாலு தவணை பாக்கி. "தம்பி, கம்பெனியை எனக்குத் தெரியாது. உங்க முகத்தைப் பார்த்துத்தானே வாங்கினேன்" என்றார். அவர் சொன்னது சரிதான். பெரிய ஊரில் கம்பெனிப் பெயர் விற்கும். நம்ம மாதிரி ஊரில் கடைக்காரன் முகம்தான் விற்கும். கம்பெனி போய்விட்டாலும் நான் அதே பஜாரில் நாளைக்கும் கடை திறக்க வேண்டும்.

செல்போன் என்பது ஒரு பொருள் இல்லை என்று இதிலிருந்து தெரியும். டவுனுக்கு டவுன் சர்வீஸ், அஞ்சு வருஷத்துக்கு ஸ்பேர், மாதாமாதம் மென்பொருள் அப்டேட், பாங்க் செயலி ஓடுவதற்குச் சான்று, தவணை கொடுக்கிற ஃபைனான்ஸ்காரர், டீலருக்கு மார்ஜின், இத்தனையும் சேர்ந்ததுதான் போன். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் வளர்ந்த ஒரு நிறுவனம் 2023 ஜனவரியில் பார்ஓஎஸ் என்ற சொந்த இயங்குதளத்தைக் காட்டியது. நல்ல முயற்சி. ஆனால் சாதாரண வாடிக்கையாளர் கேட்பது, "இதுல ஜீபே ஓடுமா? பாங்க் ஆப் ஓடுமா?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல ஒரு கம்பெனியால் மட்டும் முடியாது. பாங்குகள், ரிசர்வ் வங்கி, அரசு எல்லோரும் சேர்ந்து வர வேண்டும்.

சரி, புதுத் தொழிலில் இறங்கவே கூடாதா என்று கேட்பீர்கள். ராஜபாளையத்தில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் 1936ல் நூல் மில்லைத் தொடங்கினார். 1957ல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் வந்தது. துலுக்கபட்டியில் சிமெண்ட் ஆலை எழுந்தது. 1990களில் அதே குழுமத்தின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் கம்பெனி பிறந்தது. பஞ்சு எங்கே, சிமெண்ட் எங்கே, சாஃப்ட்வேர் எங்கே! ஆனால் உற்றுப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். பஞ்சும் சுண்ணாம்புக்கல்லும் நம்ம வட்டாரத்தில் கிடைத்தவை. மென்பொருளுக்கு வந்தபோதும் நிர்வாகத்துக்கான மென்பொருளில் ஆரம்பித்தார்கள். ஆலை நடத்துகிறவனுக்கு அதன் தேவை தெரியும். இன்று விமானப் பராமரிப்பு, சம்பளப் பட்டுவாடா என்று தனக்கென்று ஒரு வரப்பு கட்டிக்கொண்டு அந்தக் கம்பெனி நிற்கிறது. எல்லோருக்கும் எல்லாம் விற்கிறேன் என்று போகவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் ஊரையும் இழுக்கிறேன். 2019ல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கினீர்கள். பால்கோவா நன்றாகக் கிண்டுகிறவர், "டப்பாவும் நானே செய்யறேன், லாரியும் நானே செய்யறேன்" என்று கிளம்பினால் என்ன ஆகும்? அடுப்பைக் கவனிக்க ஆள் இருக்காது, பால் அடிப்பிடிக்கும். அவர் கவனிக்க வேண்டியது பால், தீ, பதம்.

இதே விவேகத்தை ஜோஹோவிடமும் பார்க்கிறேன். சிப் தயாரிப்பில் இறங்க அவர்கள் திட்டம் வைத்திருந்தார்கள். 2025 மே மாதம் அதை ஒதுக்கி வைத்துவிட்டதாக ஸ்ரீதர் வேம்பு வெளிப்படையாகச் சொன்னார். நிறையப் பணம் விழுங்குகிற தொழில், அரசு உதவி வாங்க வேண்டியிருக்கும், ஜனங்களின் வரிப்பணத்தைத் தொடுவதற்கு முன்னால் தொழில்நுட்பத்தில் முழு நம்பிக்கை வேண்டும், அந்த நம்பிக்கை வரவில்லை என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். ஆரம்பித்து, ஆயிரம் பேரைச் சேர்த்து, அப்புறம் மூடுவதைவிட இது எவ்வளவோ மேல். அதே வருஷம் அக்டோபரில், கடைகளில் கார்டு தேய்த்துப் பணம் வாங்குகிற மெஷினையும், பணம் வந்தால் சத்தம் போட்டுச் சொல்கிற பெட்டியையும் அறிவித்தார்கள். அதுவும் கருவிதான். ஆனால் கடைக்காரனுடைய கணக்கு, பில், ஜி.எஸ்.டி. எல்லாம் அவர்கள் வருஷக்கணக்காகப் பார்த்துவருகிற வேலை. தெரிந்த வாசல் வழியாக நுழைகிறார்கள்.

ஆகவே தலைப்புக்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சொந்தப் பெயர் போட்டு, எல்லோருக்கும் விற்க, இன்னொரு ஆண்ட்ராய்டு போன் கொண்டுவருவதற்காக இறங்க வேண்டாம். அந்தப் பந்தியில் இலை நிறைந்துவிட்டது. கூட ஒரு பெயர் சேர்ந்தால் நம்முடைய சார்பு நிலை ஒரு துளியும் குறையாது. உள்ளே ஓடுவது அதே கூகுள்தான்.

இறங்குவதானால் இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, போலீஸ், ராணுவம், மின்வாரியம், அரசு ஆஸ்பத்திரி என்று குறிப்பிட்ட வேலைக்கான போன். அங்கே நூறு கேம் தேவையில்லை, பத்துச் செயலி பத்திரமாக ஓடினால் போதும். செயலி இல்லை, ஆள் இல்லை என்ற சுழல் அங்கே கிடையாது. எத்தனை வருஷம் சர்வீஸ் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். ஹுவாவேக்கு வந்த மாதிரி ஒரு நாள் நமக்கு வந்தால், நாடு நின்றுபோகாமல் இருக்க முதலில் காப்பாற்ற வேண்டிய இடமும் இவைதான். இரண்டாவது, போனுக்குள்ளே போகிற பாகங்கள், மென்பொருள். நம்ம சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி எங்கெங்கோ காயம் கட்டுகிறது. கட்டுப்போட்டுக் கொள்கிறவருக்கு ஊர் பெயர் தெரியாது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழில் சோறு போடுகிறது. பெயர் வெளியே தெரியாத தொழில் தாழ்ந்த தொழில் இல்லை.

எந்த வழியில் போனாலும், விலக நேர்ந்தால் ஸ்பேர் எத்தனை வருஷம் கிடைக்கும், டீலர் கையில் இருக்கிற சரக்கை யார் திருப்பி எடுப்பது, தொழிலாளிக்கு என்ன மாற்று வேலை என்பதை முதல் நாளே எழுதிவைத்துவிட்டு இறங்கட்டும். நம் வரிப்பணத்தில் சலுகை கொடுக்கிற அரசாங்கமும் இதைக் கேட்டு வாங்கட்டும்.

கடைசியாக, படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. உங்களில் பலர் நாளைக்குச் சுங்குவார்சத்திரத்துக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போவீர்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் கம்பெனி ஆளா, காண்டிராக்ட் ஆளா? தங்குகிற இடம் எப்படி? 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதும், பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்ததும் நினைவிருக்கட்டும். அந்த வேலையில் கற்றுக்கொள்ளும் தொழில் இன்னொரு இடத்தில் உதவுமா என்றும் கேளுங்கள். கம்பெனி இடம் மாறும், கையில் கற்ற தொழில் கூடவே வரும். எங்கள் கடையில் சர்வீஸ் பார்த்த பையன்கள் எத்தனை பெயர்ப் பலகை மாறியும் பிழைத்துக்கொண்டார்கள். போர்டைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு எந்தக் கம்பெனி போனாக இருந்தால் என்ன?

உங்களில் யாராவது ஒருவர் நாளைக்கு ஒரு பெரிய கம்பெனியில், 'நுழையலாமா வேண்டாமா' என்று முடிவெடுக்கிற மேஜையில் உட்காரவும் கூடும். நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது எட்டாத இடம் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. அன்றைக்கு அந்தச் சத்திரப்பட்டி அம்மாவுக்கும் அந்த மேஜையில் ஒரு நாற்காலி போட்டுவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.